ஹேரி வெட்ச்: நாற்றுவிட்டு நடுவது முதல் அதன் மூடாக்கில் தக்காளி நடுவது வரை

ஹேரி வெட்ச், மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கவும், அறுத்த தழையை மண்மேல் மூடாக்காகப் பரப்பவும் வளர்க்கும் பசுந்தாள் கொடி. இது விதைத்துவிடுகிற பயிர். நாற்றுவிட்டு நடுகிற பயிர் அல்ல. பத்து சதுர மீட்டருக்கு மேல் இடம் இருந்தால் விதையைத் தூவி, மண்ணைக் கீறி மூடிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். அதற்குக் குறைவான இடத்தில், சில சூழ்நிலைகளில் மட்டும் நாற்று நடவு கைகொடுக்கும். பாத்தியில் பழைய பயிர் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்கும்வரை காத்திருந்தால் குளிர் வந்துவிடும் என்பது ஒன்று. விதை போட்டால் எலியும் பறவையும் பொறுக்கித் தின்றுவிடும் இடம் இன்னொன்று. விதைத்த பாத்தியில் முளைப்பு ஓட்டை ஓட்டையாக வந்து, முளைக்காத இடங்களை (பாடுவாசி) நிரப்ப வேண்டியிருப்பது மூன்றாவது. விதை கொஞ்சமே கையில் இருந்தாலும் இதே வழிதான்.

விதைக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ 35 விதைகள் இருக்கும். தூவி விதைத்தால் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிராம் வேண்டும், அதாவது 140 விதைக்கு மேல். நாற்றாக நட்டால் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு 25 செடி போதும். நான்கு சதுர மீட்டர் பாத்திக்கு 100 நாற்று. குழிக்கு இரண்டு விதை போட்டாலும் ஆறு கிராமில் முடிந்துவிடும், தூவினால் 20 கிராம். மிச்சமாவது விதை, செலவாவது உங்கள் முதுகு.

செடியின் குணம்

வெட்ச் அவரைக் குடும்பத்துக் கொடி. தாவரவியல் பெயர் விசியா வில்லோசா. குளிர் காலத்துக்கு உரிய பசுந்தாள் பயிர். வெயிலில் தழைக்கிற சணப்பையையும் தக்கைப்பூண்டையும் பார்த்துப் பழகியவர்கள் இதையும் அந்தக் கணக்கில் வைத்துக் கோடையில் விதைத்து ஏமாறுவது உண்டு. மண் 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும்போது நன்றாக முளைக்கும், உறைபனியைத் தாங்கும், கடும் வெயில் தொடங்கும்போது பூத்துக் காய்த்து முடிந்துபோகும். அதனால் இலையுதிர் காலத்தில் நட்டு வசந்தத்தில் அறுப்பதுதான் வழக்கமான முறை.

நடவுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, இதற்கு ஆணிவேர். நுனி ஒடிந்தால் செடி சாகாது, ஆனால் இரண்டு வாரம் அப்படியே நின்றுவிடும். இரண்டாவது, இதன் விதையிலை மண்ணுக்கு மேலே வராது. பட்டாணி மாதிரி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தலையை நத்தை கடித்துவிட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து புதுத் தளிர் வரும் என்பது இதன் நல்ல பக்கம். நாற்றை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழமாக நட்டாலும் அழுகாது. மூன்றாவது பற்றுக்கம்பி. இலை நுனியில் சுருண்டு நிற்கும் இந்தக் கம்பிகள் பக்கத்து நாற்றைப் பிடித்துவிட்டால் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கும்போது நான்கு சேர்ந்து வரும். நாற்றின் வயதை முடிவு செய்வது இந்தக் கம்பிதான், நாள்காட்டி அல்ல.

விதை வாங்கும்போது சாதாரண வெட்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வளர்ந்த செடியில் வேறுபாடு தெளிவு. ஹேரி வெட்சின் தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். பூங்கொத்து நீண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்து, பத்து முதல் முப்பதுக்கு மேல் ஊதாப் பூக்கள் அடுக்கியிருக்கும். சாதாரண வெட்சில் இலைக் கக்கத்தில் ஒன்றிரண்டு பூதான். குளிரைத் தாங்குவதில் ஹேரி வெட்ச் கெட்டி.

தட்டு, கலவை, விதை

ஆழம்தான் முக்கியம். 50 குழித்தட்டு சரியாக இருக்கும். 98 குழித்தட்டில் இடம் குறைவு. மூன்று வாரத்துக்குள் வேர் அடியில் வட்டமடிக்கத் தொடங்கிவிடும். இதைவிட நல்லது செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த எட்டு சென்டிமீட்டர் உயரக் குழாய். அப்படியே மண்ணில் புதைக்கலாம், வேரைத் தொடவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: காகித விளிம்பு மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். நடும்போது விளிம்பைக் கிழித்துவிடுங்கள்.

கலவைக்குத் தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி மணல். நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்த பிறகே கலக்க வேண்டும். மண்புழு உரத்தையோ தொழுவுரத்தையோ பாதிக்குப் பாதி கொட்டாதீர்கள். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் வேர் முடிச்சைக் கட்டுவதில் செடி அக்கறை காட்டாது. இலை பச்சைப் பசேல் என்று இருக்கும், வேரைப் பார்த்தால் வெறுமை. அப்படிப்பட்ட நாற்றைப் பாத்திக்கு மாற்றினால் சத்து தீர்ந்ததும் வெளுத்துப்போய் நிற்கும்.

வெட்ச் விதையில் பத்து முதல் இருபது சதவீதம் கடினத் தோல் கொண்டது. ஈரம் உள்ளே போகாது, அந்தப் பருவத்தில் முளைக்காது. இரண்டு மணல்தாளுக்கு நடுவே விதையை வைத்துப் பத்துப் பதினைந்து தடவை லேசாக உரசுங்கள். தோலின் பளபளப்பு மங்கினால் போதும். உள்ளே வெளிர் பருப்பு தெரியும்வரை தேய்த்தால் விதை கெட்டது. நாற்று நடவில் இதைச் செய்வது சுலபம், ஏனென்றால் ஐந்தாறு கிராம்தான். கிலோக் கணக்கில் விதைப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

பிறகு ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சு கட்டித் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாத் தூள். பொட்டலத்தில் பட்டாணி, மசூர், வெட்ச் வகைக்கு என்று இருக்க வேண்டும். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் விற்கும் ரைசோபியம் வேறு இனம், இதில் வேலை செய்யாது. அந்த மண்ணில் முன்பு பட்டாணி போட்டு வேரில் முடிச்சு கட்டியிருந்தால் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தட்டில் இருப்பது வேறு கலவை என்பதால் விதை நேர்த்தியை விட்டுவிட வேண்டாம். ஆறிய கஞ்சித் தண்ணீரில் சில துளி விட்டு விதையைப் பிசுபிசுப்பாக்கி, தூளைத் தூவிப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். சூடான கஞ்சியும் நேரடி வெயிலும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தூள் அளவு கொஞ்சம் கூடிப்போனால் கெடுதல் எதுவும் இல்லை.

குழிக்கு இரண்டு விதை, இரண்டு சென்டிமீட்டர் ஆழம். ஒருமுறை நன்றாக நனைத்தபின் முளை தெரியும்வரை மேல்பக்கம் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நிழலில் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்துக்குக் கீழே நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்க வேண்டியதன் வேரும் ஆட்டம் காணும்.

முளைத்ததும் தட்டை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். நிழலில் விட்டால் இரண்டே நாளில் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். தண்ணீரைக் காலையில் ஊற்றுவது நல்லது. மாலையில் ஊற்றி இரவெல்லாம் மயிர்த்தண்டு நனைந்திருந்தால் நாற்றழுகல் வரும்.

எப்போது நடுவது

முளைத்து மூன்று முதல் நான்கு வாரத்தில், செடி எட்டுப் பத்து சென்டிமீட்டர் உயரத்தில், நான்கைந்து இலையோடு இருக்கும்போது. சோதிக்க ஒரு குழியை அடியிலிருந்து தள்ளிப் பாருங்கள். கலவை உதிராமல் கட்டியாக வந்து, சுற்றிலும் வெள்ளை வேர் வலை போலத் தெரிந்தால் இதுவே பதம். உதிர்ந்தால் இன்னும் நான்கு நாள். வேர் அடியில் வளையமாகச் சுற்றியிருந்தால் தாமதமாகிவிட்டது. அடி வளையத்தைக் கத்தரித்து உடனே நட்டுவிடுங்கள்.

வேரில் கடுகளவு முடிச்சு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது தவறான இனம். பச்சையாக இருந்தால் அது வேலை செய்யவில்லை. இந்த வயதில் முடிச்சே இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். நடும் குழியில் ஒரு சிட்டிகை ரைசோபியம் போட்டால் போதும்.

மண் உறையும் இடமாக இருந்தால் கடுமையான உறைபனிக்கு ஐந்தாறு வாரம் முன்பே நட்டுவிட வேண்டும். வேர் பிடிக்காத செடியை உறைந்து உருகும் மண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி வெளியே போட்டுவிடும். காலையில் பார்த்தால் வேர்க்கட்டி பாதி வெளியே நின்றிருக்கும். உடனே அழுத்தி உள்ளே தள்ளி, சுற்றிலும் வைக்கோல் போட வேண்டும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன் தட்டை வெளியே வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்குங்கள். முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரம், பிறகு படிப்படியாக நாள் முழுதும்.

பாத்தியும் நடவும்

மண்ணின் கார அமிலநிலை 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் கட்டும் மண் ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். யூரியா, கோழி எரு இரண்டும் வேண்டாம். களையை முழுதாக எடுத்துவிட்டு நடுங்கள். தூவி விதைத்த வெட்ச் நெருக்கமாக முளைத்துக் களையை அமுக்கும். 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்ட வெட்ச் முதல் மாதம் அதைச் செய்யாது. நாற்று நடவின் பெரிய குறை இதுதான். சரிக்கட்ட, நட்ட அன்றே வரிசைகளுக்கு நடுவே சதுர மீட்டருக்கு 4 முதல் 6 கிராம் ஓட்ஸ் அல்லது ரை என்ற தானியத்தின் விதையைத் தூவலாம். கொடிக்கு ஏறவும் ஒரு பிடி கிடைக்கும். ஓட்ஸ் கடுங்குளிரில் செத்துவிடும், ரை தாங்கும். வசந்தத்தில் அறுத்த பிறகு மூடாக்கு நீண்ட நாள் நிற்க வேண்டும் என்றால் ரை.

மேகமூட்டமான நாள் அல்லது மாலை நேரம் பாருங்கள். நடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தட்டை நனைத்துவிடுங்கள். காய்ந்த கலவை கையில் உதிரும், அப்போதுதான் நனைத்தது குழையும். பாத்தியிலும் முந்தின நாளே தண்ணீர் விட்டு, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடைகிற பதத்தில் வைத்திருங்கள்.

குழி வேர்க்கட்டியைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். நாற்றைத் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தட்டுக் குழியின் அடியை விரலால் தள்ளி, கட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பாத்திக் குழியில் இறக்குங்கள். கட்டியின் மேல்மட்டம் மண்மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நார்க்கழிவு வெளியே தெரிந்தால் பாத்தி மண்ணைவிட அது முதலில் காயும், காய்ந்தபின் தண்ணீரை ஏற்காது. சுற்றி மண்ணை அணைத்து இரண்டு விரலால் அழுத்தினால் போதும். காலால் மிதிக்கக் கூடாது. செடிக்கு அரை லிட்டர் தண்ணீர், மெதுவாக. மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அதன்பின் மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்தால் மட்டும். வேர் ஊன்றியபின் ஈரக் குறைவைச் சமாளிக்கும். அதிக ஈரத்தைச் சமாளிக்காது.

பழைய செடியைப் பெயர்த்து நடலாமா

தானாக முளைத்த வெட்ச் வேறு பாத்தியில் வேண்டாத இடத்தில் நிற்கும். பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் சுற்றி எட்டு சென்டிமீட்டர் வட்டத்தில் மண்ணோடு கொத்தி எடுத்து நடுவதில் சிக்கல் இல்லை. ஒரு முழம் வளர்ந்ததையும் மாற்றலாம், ஆனால் முதலில் கொடியைத் தரையிலிருந்து எட்டு சென்டிமீட்டர் விட்டு அறுத்துவிட வேண்டும். பறித்த வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அறுக்காமல் நட்டால் இரண்டு நாளில் துவண்டு கருகும். அறுத்தால் அடிக்கணுக்களிலிருந்து துளிர்க்கும். மண்வெட்டியை ஒரு சாண் ஆழம் இறக்கி, கட்டி உடையாமல் எடுத்து, சாக்கில் வைத்துக் கொண்டுபோய் நடுங்கள். பூக்கத் தொடங்கிய செடியை மாற்ற முயல வேண்டாம். அடியிலிருந்து துளிர்க்கும் சக்தி அதற்குப் பெரும்பாலும் போய்விட்டது.

நட்டபின் என்னென்ன கோளாறு வரும்

இரண்டு மூன்று வாரம் மேலே எதுவும் நடக்காததுபோல் இருக்கும். இது கோளாறு அல்ல, வேர் இறங்குகிறது. குளிரில் மாதக்கணக்கில்கூட இப்படியே நிற்கும். சூடு ஏறத் தொடங்கியதும் ஒரே மாதத்தில் பாத்தியை மூடிவிடும், தனிக்கொடி இரண்டு மீட்டரையும் தாண்டும்.

கீழ் இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றால் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். முடிச்சு இல்லையென்றால் ரைசோபியத்தைத் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். முடிச்சு சிவப்பாக இருந்தும் மஞ்சள் என்றால் வடிகாலைச் சந்தேகியுங்கள். வேரில் கழுத்துமாலை மாதிரி வீக்கம் இருந்தால் அது நல்ல முடிச்சு அல்ல, நூற்புழு. வித்தியாசம் எளிது: ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் நெருடினால் உதிரும், நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும், உதிராது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு வெட்ச் நல்ல விருந்து. அந்த மண்ணில் இதை வளர்த்துவிட்டு அடுத்துத் தக்காளி போடுவது, பாம்புக்குப் பால் வார்ப்பதுதான்.

தளிர் அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தால் வெட்டுப்புழு. செடியைச் சுற்றி மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும். இலை ஓரம் கடிபட்டு வழவழப்பான தடம் இருந்தால் நத்தை. அசுவினி வசந்தத்தில் வரும். அதைத் தின்னும் பொறிவண்டும் பின்னாலேயே வரும், மருந்தடிக்கத் தேவைப்படுவது அபூர்வம்.

ஆடு மாடு கோழி வளர்ப்பவர்களுக்கு ஒன்று. வெட்ச் விதை கோழிக்கு நஞ்சு. பூத்து முற்றிய கொடியை மேய்ந்த மாடுகளில் தோல் நோய் கண்டு இறந்தவையும் உண்டு. அறுத்ததைத் தீவனமாகத் தூக்கிப் போடாதீர்கள்.

அறுப்பும் தக்காளி நடவும்

இத்தனை பாடும் இதற்காகத்தான். நன்றாக வளர்ந்த வெட்ச் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம் தழைச்சத்தைத் தழையில் சேர்த்து வைத்திருக்கும். அதில் பெரும்பங்கு சேர்வது பூப்பதற்கு முந்தைய சில வாரங்களில். அவசரப்பட்டு முன்பே அறுத்தால் சத்தும் குறைவு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துத் தக்காளிமேல் ஏறும். பெயர்த்து நடும்போது உதவிய அதே குணம் இங்கே பகை. பாதிக்கு மேல் கொத்துகள் விரிந்தபின், காய் திரளத் தொடங்குவதற்குள், பன்னரிவாளால் மண்ணை ஒட்டி அறுக்க வேண்டும். மண்ணை ஒட்டி என்றால் உண்மையிலேயே ஒட்டி; நான்கு விரல் கட்டை விட்டால் கணு இருக்கும், கணு இருந்தால் துளிர் வரும். அறுக்க எந்திரம் வேண்டாம், கொடி பின்னிக் கிடப்பதால் அதன் சுழலும் பாகத்தில் சுற்றிக்கொள்ளும். வேரைப் பிடுங்காதீர்கள், அது மண்ணிலேயே மக்கட்டும்.

அறுத்த தழையை அப்படியே பாத்திமேல் பரப்புங்கள், பத்து சென்டிமீட்டர் கனம். இரண்டே நாளில் பாதியாக அமுங்கிவிடும். வெட்ச் நிற்கும்போது மண் ஈரத்தை நிறையவே இழுத்திருக்கும். அறுத்த கையோடு மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தழைக்கு மேலேயே தண்ணீர் விட்டு ஒரு வாரம் கழித்து நடுங்கள். அறுத்த தழையில் இயற்கையாகவே சயனமைடு என்ற பொருள் உண்டு. சின்ன விதைகளின் முளைப்பைத் தடுக்கும். அதனால் கேரட், கீரை, லெட்டூஸ் விதைப்பதாக இருந்தால் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். வளர்ந்த நாற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தக்காளி, மிளகாய், கத்தரி, பூசணி நாற்றுகளை இந்த மூடாக்கில் நடுவது அதனால்தான் பொருத்தம்.

தக்காளிக்கு, நடும் இடத்தில் மட்டும் தழையை விலக்கி ஒரு சாண் விட்டத்தில் மண்ணைத் திறந்து குழி எடுங்கள். மற்ற இடத்தைக் கொத்த வேண்டாம். நாற்றைச் சற்று ஆழமாக வைத்து, தண்ணீர் ஊற்றி, தழையைத் திரும்ப இழுத்துவிடுங்கள்; தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். ஈரத் தழை தண்டில் ஒட்டினால் அடித்தண்டு அழுகும், நத்தையும் அங்கேதான் ஒளியும். மூடாக்குக்குக் கீழே மண் குளுமையாக இருப்பதால் முதல் சில வாரம் செடி மெதுவாகத்தான் நகரும், முதல் பறிப்பும் தள்ளிப்போகும். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1990-களில் இந்த முறையைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்போடு ஒப்பிட்டு வளர்த்தபோது தாமதம் தெரிந்தது. ஆனால் வெட்ச் மூடாக்கில் நின்ற தக்காளி இலை நெடுநாள் முதுமை அடையாமல் காய்த்தது. 2004-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, இலை முதுமையோடும் நோய் எதிர்ப்போடும் தொடர்புள்ள மரபணுக்களின் செயல்பாடே மாறுவதைக் காட்டியது.

வெட்ச் தழை சீக்கிரம் மக்கும். ஆறேழு வாரத்தில் மண் எட்டிப்பார்க்கும், களையும் கூடவே வரும். ரை கலந்து போட்டிருந்தால் அதன் தாள் இன்னும் சில வாரம் தாங்கும். இல்லையென்றால் அந்த நேரத்தில் வைக்கோல் ஒரு அடுக்கு பரப்பிக்கொள்ளுங்கள். தழைச்சத்து உரத்தை வழக்கமான அளவில் பாதியாகக் குறைத்துவிட்டு, இலை வெளுத்தால் மட்டும் கூட்டலாம். முழு அளவும் போட்டால் செடி காடாக வளரும், காய் பின்தங்கும்.

பாத்தி ஓரத்தில் அரிவாளுக்குத் தப்பிய கொடி ஒன்றிரண்டு நெற்று முற்றிக் கறுத்து நிற்கும். வெயிலில் அது வெடித்துச் சிதறும் முன் பறித்துவிடுங்கள். கடினத் தோல் விதை மண்ணில் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, நீங்கள் வெங்காயம் போட்ட வருடம் பார்த்து முளைக்கும்.